நாலு டிக் அடிச்சா ஒண்ணுதான் வருதா? ஃபார்ம்ல அர்ரே அனுப்புறவங்களுக்கு

ஒரே ஃபீல்டுக்கு நாலஞ்சு வேல்யூ (அதாவது அர்ரே, வேல்யூ லிஸ்ட்) அனுப்புற ஃபார்ம்ல வர்ற பிரச்சனை எல்லாம் மேலோட்டமா ஒண்ணு போலதான் தெரியும், "டேட்டா வரல சார்", அவ்ளோதான் கிளையன்ட் சொல்லுவாரு. உள்ள போய் பார்த்தா காரணம் ஒவ்வொண்ணுக்கும் வேற வேற. அதனால கண்ணுக்கு என்ன தெரியுதோ அதை வச்சு பிரிச்சு எழுதியிருக்கேன், உங்க கேஸ் எதுவோ நேரா அங்க போயிடுங்க. முதல் பகுதிய மட்டும் யாரும் தாண்டிப் போகாதீங்க, ப்ளீஸ்.

உதாரணத்துக்கு மேற்கு மாம்பலத்துல ஒரு கேட்டரிங்காரருக்கு செஞ்ச ரெண்டு ஃபார்ம எடுத்துக்கறேன். ஒண்ணு டெலிவரி பசங்களுக்கு, யாரு எந்தெந்த ஏரியாவுக்கு வண்டி எடுப்பாங்கன்னு செக்பாக்ஸ்ல டிக் அடிக்கணும், மாம்பலம், மயிலாப்பூர், அடையாறு, வேளச்சேரின்னு லிஸ்ட் போகும். இன்னொண்ணு ஆர்டர் ஃபார்ம், ஒவ்வொரு வரிசையிலயும் ஐட்டம் பேரு, எத்தனை பிளேட்டு, அப்புறம் "வெங்காயம் வேணாம்"னு ஒரு டிக், பிளஸ் பட்டன் அழுத்தினா புது வரிசை வரும். ஃபீல்டு பேரெல்லாம் இங்க தமிழ்ல எழுதுறேன், கோடுல நீங்க வழக்கம்போல இங்கிலீஷ்லயே வச்சுக்கோங்க.

முதல்ல இத பாருங்க: ப்ரௌசர் என்ன அனுப்புச்சு?

சர்வர் கோட தொடவே தொடாதீங்க, முதல்ல எஃப்12 அழுத்தி நெட்வொர்க் டேப்புக்கு போங்க. அங்க "பிரிசர்வ் லாக்" டிக் பண்ணிக்கோங்க, இல்லன்னா சப்மிட் ஆகி அடுத்த பேஜுக்கு தாவுறப்போ லிஸ்ட் மொத்தமும் அழிஞ்சு போயிடும். சப்மிட் பண்ணிட்டு அந்த ரிக்வெஸ்ட்ட க்ளிக் பண்ணினா குரோம்ல பேலோடுன்னு (ப்ரௌசர் அனுப்பின டேட்டா) ஒரு டேப் இருக்கும், அழகா பிரிச்சு காட்டுறத நம்பாம "வியூ சோர்ஸ்" அழுத்தி பச்சையா பாருங்க. ஃபயர்ஃபாக்ஸ்ல ரிக்வெஸ்ட் டேப்ல "ரா"ன்னு ஒரு சுவிட்ச் இருக்கு, அதே வேலைதான்.

அங்க ஏறக்குறைய இப்படி இருக்கும்:

ஏரியா=மாம்பலம்&ஏரியா=அடையாறு

இவ்ளோதான் போகுது. அர்ரேன்னு ஒண்ணு வயர்ல போறதே கிடையாது, பேரு = வேல்யூ, பேரு = வேல்யூன்னு ஜோடி ஜோடியா, பேஜ்ல எந்த வரிசையில இருக்கோ அந்த வரிசையில போகுது. நீங்க பேருக்கு பின்னாடி [] போட்டா ப்ரௌசருக்கு அது வெறும் ரெண்டு எழுத்து, ஏரியா[]ங்கிறது முழுப் பேரு, அவ்ளோதான். பச்சையா பார்க்கும்போது அந்த ரெண்டு அடைப்புக்குறியும் பெர்சென்ட் 5பி, பெர்சென்ட் 5டின்னு மாறி தெரியும், பதறாதீங்க, அது நார்மல்.

[]க்கு அர்த்தம் குடுக்கறது சர்வர் பக்கம் இருக்கற மொழியோ ஃபிரேம்வொர்க்கோதான், அதுவும் ஆளுக்கு ஒரு மாதிரி. மேல இருக்கற அதே லைன, அடைப்புக்குறி இல்லாம, பிஎச்பி படிச்சா கடைசில இருக்கற அடையாறு மட்டும் மிஞ்சும். ஜாங்கோவுல கெட் போட்டா அதுவும் கடைசிய குடுக்கும். ஃப்ளாஸ்க்ல போட்டா முதல்ல இருக்கற மாம்பலம் வரும், ஜாவா சர்வ்லெட்ல கெட்பேராமீட்டரும், கோ மொழியில ஃபார்ம்வேல்யூவும் முதல் ஆளத்தான் குடுக்கும். பழைய ஏஎஸ்பி டாட்நெட்ல கமா போட்டு ஒட்டி ஒரே ஸ்ட்ரிங்கா தரும். அதனால ஒரு மொழிக்கு எழுதின பதில இன்னொரு மொழிக்கு காப்பி அடிச்சா வேலைக்கு ஆகாது, கூகுள்ல முதல்ல வர்ற பதில்ல பாதி பிஎச்பிக்காரங்க எழுதினதுதான்.

பேலோடுல எல்லா வேல்யூவும் இருந்தா பிரச்சனை சர்வர் பக்கம். இல்லன்னா எச்டிஎம்எல்லயோ ஜாவாஸ்கிரிப்ட்லயோ. இத பிரிச்சிட்டீங்கன்னா பாதி நேரம் மிச்சம்.

நாலு டிக் அடிச்சேன், ஒண்ணுதான் வந்துச்சு

பிஎச்பியா இருந்தா பேருல [] போடுங்க, முடிஞ்சுது. செலக்ட் மல்டிபிளுக்கும் இதே கதைதான், மல்டிபிள்னு அட்ரிபியூட் போட்டதால மட்டும் அர்ரே ஆயிடாது. போட்ட அப்புறம் சர்வர்ல படிக்கறப்போ அடைப்புக்குறி இல்லாம வெறும் ஏரியான்னு படிக்கணும், நிறைய பேரு அங்கயும் [] சேர்த்து தேடிட்டு "அன்டிஃபைன்ட் கீ"ன்னு வருதேன்னு முழிப்பாங்க. ஒரு குறிய மட்டும் போட்டு மூடாம விட்டீங்கன்னா, அதாவது ஏரியா[ அப்படின்னு, பிஎச்பி அத அண்டர்ஸ்கோரா மாத்திடும். பேருல புள்ளி இருந்தாலும் ஸ்பேஸ் இருந்தாலும் அதே கதி, ஆர்டர்.தேதின்னு வச்சா ஆர்டர்_தேதின்னு போய் உக்காரும்.

ஜாங்கோ, ஃப்ளாஸ்க் ரெண்டுலயும் [] தேவையே இல்ல, கெட்லிஸ்ட் போட்டு படிங்க. ஒருவேளை பழைய ஃபார்ம்லேர்ந்து [] ஒட்டிக்கிட்டு வந்திருந்தா கெட்லிஸ்ட்லயும் அந்த [] சேர்த்துதான் கேக்கணும், அங்க அது பேரோட பாகம். ஜாவால கெட்பேராமீட்டர்வேல்யூஸ். ரெயில்ஸ்ல [] வேணும், அதோட பெர்மிட் பண்ற இடத்துல ஏரியாவுக்கு நேரா காலி அர்ரே போட்டு சொல்லணும், இல்லன்னா வேல்யூ வந்தும் சத்தமில்லாம வடிகட்டிடும், லாக்ல மட்டும் "அன்பெர்மிட்டட்"னு ஒரு வரி கிடக்கும்.

ஜாவாஸ்கிரிப்ட் வழியா அனுப்புறவங்க ஒரு இடம் பார்க்கணும். ஃபார்ம்டேட்டாவ எடுத்து ஆப்ஜெக்ட்.ஃப்ரம்என்ட்ரீஸ்ல போட்டு ஜேசனா மாத்துற அந்த ஒரு வரி ட்ரிக் எல்லா டுடோரியல்லயும் இருக்கு, பார்க்க சூப்பரா இருக்கும், ஆனா ஒரே பேருல பல வேல்யூ வந்தா கடைசி ஒண்ணத்தான் வச்சுக்கும், ஏன்னா ஆப்ஜெக்ட்ல ஒரு கீக்கு ஒரு வேல்யூதானே. அந்த ஃபீல்டுக்கு மட்டும் கெட்ஆல் போட்டு தனியா எடுத்து சேர்த்துக்கோங்க. வெறும் கெட் போட்டா முதல் ஆளு மட்டும்.

நாலும் வருது ஆனா நாலுமே "ஆன்"னு வருதா? செக்பாக்ஸ்ல வேல்யூ அட்ரிபியூட் விட்டுப் போச்சு. போடுங்க.

ரெண்டு மூணு டிக் அடிச்சா கரெக்ட், ஒண்ணே ஒண்ணு அடிச்சா கன்னாபின்னான்னு ஆகுது

இது நோட் ஜேஎஸ், அதுமேல ஓடுற எக்ஸ்பிரஸ் ஆளுங்களுக்கு வர்றது, டெஸ்டிங்ல மாட்டவே மாட்டாது, ஏன்னா டெஸ்ட் பண்றவங்க எப்பவும் ரெண்டு மூணு டிக் அடிச்சுதான் பார்ப்பாங்க. ஒரே பேரு ரெண்டு தடவ வந்தா எக்ஸ்பிரஸ் அத அர்ரேவா குடுக்கும், ஒரே தடவ வந்தா வெறும் ஸ்ட்ரிங்கா குடுக்கும், ஏன்னா அர்ரேவா ஒத்த ஆளான்னு கண்டுபிடிக்க அதுகிட்ட வேற தடயமே இல்ல.

அப்புறம் உங்க கோடு ஒவ்வொரு ஏரியாவா எடுத்து டேபிள்ல போடுற லூப் ஓட்டும். ஃபார்ஈச் எழுதியிருந்தா நல்லது, ஸ்ட்ரிங்ல ஃபார்ஈச் கிடையாதுன்னு உடனே எரர் வந்து நிக்கும். ஃபார் ஆஃப் எழுதியிருந்தாதான் வம்பு, ஸ்ட்ரிங்கையும் அது சந்தோஷமா சுத்தி வரும், எழுத்து எழுத்தா. மயிலாப்பூர் மட்டும் டிக் அடிச்ச பையனுக்கு டேபிள்ல 11 ஏரியா ஏறியிருக்கும்: ம, ய, அடுத்து தனியா ஒரு இகரக் கொம்பு, ல, தனியா ஒரு கால், ப, ஒரு புள்ளி, மறுபடி ப, ஒரு ஊகாரக் குறி, ர, இன்னொரு புள்ளி. யூனிகோடுல உயிர்மெய் எழுத்து ரெண்டு துண்டா இருக்கறதால கொம்பும் புள்ளியும் புள்ளி புள்ளியா போட்ட ஒரு வட்டத்து மேல உக்காந்து தெரியும். அட்மின் பேஜ்ல அந்த மாதிரி அனாதையா கொம்பும் காலும் தெரிஞ்சா ஃபாண்ட் பிரச்சனைன்னு நினைச்சு ஃபாண்ட மாத்திக்கிட்டு இருக்காதீங்க, ஃபாண்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.

சரி பண்ண ரெண்டு வழி. பேருல [] போட்டு, யூஆர்எல்என்கோடட் பார்சர்ல எக்ஸ்டெண்டட ட்ரூன்னு வச்சா ஒண்ணு வந்தாலும் அர்ரேவா வரும், ஏன்னா அப்போ பின்னாடி வேலை செய்யறது கியூஎஸ் லைப்ரரி, அதுக்கு [] புரியும். ஃபால்ஸ்னு வச்சா அதுக்கு புரியாது, கீ பேரே ஏரியா[]ன்னு வந்து நிக்கும். எக்ஸ்பிரஸ் 5க்கு மாறினவங்க இங்க கவனிங்க, அதுல எக்ஸ்டெண்டட் டிஃபால்டாவே ஃபால்ஸ், யூஆர்எல்ல வர்ற க்வெரிய படிக்கறதும் டிஃபால்டா சிம்பிள் மோட்தான், அதனால 4ல நல்லா ஓடினது அப்டேட் பண்ணதும் படுத்துக்கும். ரெண்டாவது வழி, வந்தது எதுவா இருந்தாலும் காலி அர்ரேவோட கான்கேட் பண்ணி அர்ரேவாக்கிட்டு அப்புறம் லூப் ஓட்டுறது, எனக்கு இதுதான் பிடிக்கும், யாரு என்ன செட்டிங் மாத்தினாலும் இது நிக்கும்.

ப்ரௌசர் பக்கமும் இதே நோய் ஒண்ணு இருக்கு. ஃபார்ம் எலிமென்ட்லேர்ந்து பேரு சொல்லி ஏரியா[]வ எடுத்தா பல செக்பாக்ஸ் இருக்கறப்போ லிஸ்ட் வரும், ஒண்ணே ஒண்ணு இருந்தா அந்த செக்பாக்ஸே நேரா வரும், லெங்த் கேட்டா அன்டிஃபைன்ட். க்வெரிசெலக்டர்ஆல் போட்டு எடுங்க, செலக்டர்ல பேர கோட்ஸ்குள்ள வைங்க, இல்லன்னா [] அங்க செலக்டர் குறியா படிக்கப்பட்டு எரர் அடிக்கும்.

எல்லா டிக்கையும் எடுத்துட்டு சேவ் பண்ணினா பழசே இருக்கு

டிக் இல்லாத செக்பாக்ஸ் போகவே போகாது, காலியா கூட போகாது, அந்தப் பேரே பேலோடுல இருக்காது. செலக்ட் மல்டிபிள்ல எதுவும் தேர்ந்தெடுக்கலன்னாலும் அப்படித்தான். டெலிவரி பையன் வேலைய விட்டுப் போறான், எல்லா ஏரியாவையும் அன்டிக் பண்ணி சேவ் அடிக்கறாரு முதலாளி, சர்வர் கோடு "ஏரியா வந்திருந்தா அப்டேட் பண்ணு"ன்னு எழுதியிருக்கும், வரவே இல்ல, அதனால அப்டேட்டும் இல்ல.

செக்பாக்ஸுக்கு முன்னாடி ஒரு ஹிடன் ஃபீல்ட, அதே ஏரியா[] பேருல காலி வேல்யூவோட வைங்க, சர்வர்ல காலியா வந்தத தூக்கிட்டு மிச்சத்த எடுத்துக்கோங்க. ரெயில்ஸ்ல செக்பாக்ஸ் கலெக்ஷன் ஹெல்பர் இத தானாவே பண்ணும், அங்க அர்ரேல முதல்ல ஒரு காலி ஸ்ட்ரிங் வருதேன்னு குழம்பாதீங்க, காரணம் இதுதான்.

டிக் அடிச்சும் போகலன்னா அந்த செக்பாக்ஸ் டிஸேபிள்டா இருக்கான்னு பாருங்க. "மாம்பலம் எல்லாருக்கும் கட்டாயம்"னு டிக் போட்டு டிஸேபிள் பண்ணி வச்சா அது கண்ணுக்கு மட்டும்தான், சர்வருக்கு போகாது. ரீட்ஒன்லி போடலாமான்னா செக்பாக்ஸுக்கும் செலக்ட்டுக்கும் அது வேலை செய்யாது, டெக்ஸ்ட் பாக்ஸுக்குத்தான். பேசாம கட்டாயமானத சர்வர்லயே சேர்த்துடுங்க.

ஒரு வரிசையோட டிக் இன்னொரு வரிசைக்கு போயிடுது

இதுலதான் கொஞ்சம் நிக்கணும், ஏன்னா இதுல எரரே வராது, லாக்லயும் ஒண்ணும் இருக்காது, டேட்டா மட்டும் தப்பா இருக்கும்.

ஆர்டர்ல நாலு வரிசைன்னு வைங்க: இட்லி 40, பொங்கல் 25, வடை 60, சாம்பார் சாதம் 30. வெங்காயம் வேணாம்னு டிக் விழுந்தது வடைக்கும் சாம்பார் சாதத்துக்கும். ஃபீல்டு பேரெல்லாம் ஐட்டம்[], எண்ணிக்கை[], வேணாம்[]. பேலோடுல ஐட்டம் நாலு போகும், எண்ணிக்கை நாலு போகும், வேணாம் ரெண்டே ரெண்டுதான் போகும், டிக் இல்லாதது போகாதுன்னு மேலயே பார்த்தோம். சர்வர்ல அந்த ரெண்டும் இன்டெக்ஸ் 0, 1ன்னு உக்காரும். நீங்க ஐட்டம் 0க்கு வேணாம் 0, ஐட்டம் 1க்கு வேணாம் 1ன்னு ஜோடி சேர்ப்பீங்க, ஆக டிக் போய் இட்லிக்கும் பொங்கலுக்கும் விழுந்துடும், வெங்காயம் சேர்க்காத வீட்டுக்கு வெங்காய சாம்பார் போயிடும். இட்லியிலயும் பொங்கல்லயும் யாரு வெங்காயம் போடுறா, அதனால சமையல்கட்டுல ஸ்லிப்ப பார்த்தவங்களுக்கும் சந்தேகம் வராது.

இதுக்கு "ஹிடன்ல 0 வச்சிடு"ன்னு ஒரு வைத்தியம் சொல்லுவாங்க. [] பேரோட அத செஞ்சா இன்னும் மோசம், டிக் இல்லாத வரிசைக்கு ஒரு 0, டிக் இருக்கற வரிசைக்கு 0வும் 1ம் ரெண்டும் போகும், நாலு வரிசைக்கு ஆறு வேல்யூ வந்து நிக்கும்.

சரியான வழி, வரிசை நம்பர பேருலயே எழுதறது:

ஆர்டர்[0][ஐட்டம்], ஆர்டர்[0][எண்ணிக்கை], ஆர்டர்[0][வேணாம்]

அடுத்த வரிசைக்கு 1, அதுக்கு அடுத்தது 2. இப்போ டிக் இல்லன்னா அந்த வரிசைக்குள்ள வேணாம்ங்கிற கீ மட்டும் இருக்காது, மத்த வரிசை எதுவும் நகராது. ஹிடன் 0 ட்ரிக்கும் இப்போ பிஎச்பில வேலை செய்யும், ஒரே முழுப்பேருக்கு கடைசி வேல்யூ ஜெயிக்கும்ங்கறதால. எக்ஸ்பிரஸ்ல மட்டும் செய்யாதீங்க, அங்க ரெண்டும் சேர்ந்து குட்டி அர்ரே ஆயிடும்.

நம்பர விட்டுட்டு ஆர்டர்[][ஐட்டம்], ஆர்டர்[][எண்ணிக்கை]ன்னு எழுதினா என்ன? பிஎச்பில ஒவ்வொரு []ம் புதுசா ஒரு வரிசைய திறக்கும், அதனால ஐட்டம் ஒரு வரிசையிலயும் எண்ணிக்கை அடுத்த வரிசையிலயும் தனித்தனியா கிடக்கும். ரெயில்ஸ் அத சேர்த்து படிக்கும், அதே கீ மறுபடி வர்றப்போதான் அடுத்த வரிசைன்னு எடுத்துக்கும். அங்க படிச்சுட்டு இங்க எழுதறவங்க இதுல வழுக்குவாங்க.

நம்பர் குடுக்கறதுல ஒரு குழி இருக்கு. புது வரிசைக்கு நம்பர் என்னன்னு கேட்டா "இப்போ எத்தனை வரிசை இருக்கோ அது"ன்னு எழுதுவாங்க. 0, 1, 2ன்னு மூணு வரிசை, நடுவுல 1ஐ டெலீட் பண்ணியாச்சு, மிச்சம் ரெண்டு, பிளஸ் அழுத்தினா புது வரிசைக்கும் 2, ஏற்கனவே 2 இருக்கு, பிஎச்பி பழசு மேல புதுச எழுதிடும், ஒரு ஐட்டம் காணாம போயிடும். கவுன்டர் ஏறிக்கிட்டே போகணும், இறங்கவே கூடாது. நடுவுல நம்பர் விட்டுப் போனா பிஎச்பி கவலைப்படாது, ஆனா நீங்க 0லேர்ந்து கவுன்ட் வரைக்கும் ஃபார் லூப் ஓட்டாம ஃபார்ஈச் ஓட்டணும். ஏஎஸ்பி டாட்நெட் எம்விசி கவலைப்படும், ஓட்டை விழுந்த இடத்தோட நிறுத்திக்கும், அதுக்கு இன்டெக்ஸ்னு ஒரு ஹிடன் ஃபீல்டு ஒவ்வொரு வரிசைக்கும் வைக்கணும்.

வரிசைய குளோன் பண்றவங்களுக்கு இன்னும் ரெண்டு. லேபிள்ல தட்டினா முதல் வரிசையோட டிக் மாறுதுன்னா ஐடி மாத்தாம குளோன் பண்ணியிருக்கீங்க. புது வரிசை ஏற்கனவே டிக்கோட பிறக்குதுன்னா குளோன் பண்றப்போ டிக் நிலையும் சேர்ந்து வந்திருக்கு. டெம்ப்ளேட் டேக்ல ஒரு காலி வரிசைய வச்சுக்கிட்டு அதுலேர்ந்து எடுங்க, டிக் பிரச்சனை தீரும், ஐடிய மட்டும் ஒவ்வொரு வரிசைக்கும் மாத்திடுங்க.

முதல்ல இருந்த வரிசை வருது, பிளஸ் அழுத்தி சேர்த்தது மட்டும் வரல

பேலோடுலயே இல்லையா? அப்போ ஃபார்ம் டேக் எங்க இருக்குன்னு பாருங்க, பெரும்பாலும் டேபிளுக்கும் டிஆருக்கும் (வரிசை டேக்) நடுவுல திறந்திருப்பாங்க. எச்டிஎம்எல் விதிப்படி அந்த இடத்துல ஃபார்ம் இருக்கக் கூடாது, ப்ரௌசர் திட்டாம அட்ஜஸ்ட் பண்ணிக்கும், ஃபார்ம அங்கயே காலியா மூடிடும், ஆனா பேஜ் லோடு ஆகறப்போ பின்னாடி வர்ற இன்புட்டையெல்லாம் அந்த ஃபார்மோட சொந்தம்னு மனசுல குறிச்சு வச்சுக்கும். அதனால முதல்ல இருக்கற வரிசையெல்லாம் ஒழுங்கா போகும். அப்புறம் ஜாவாஸ்கிரிப்ட் சேர்க்கற வரிசைக்கு அந்த சலுகை கிடையாது, அது நிஜமாவே ஃபார்முக்கு வெளிய நிக்குது.

எலிமென்ட்ஸ் டேப்ல போய் பார்த்தா தெரிஞ்சிடும், ஃபார்ம் டேக் உள்ள ஒண்ணுமே இல்லாம ஒத்தையா கிடக்கும். வியூ பேஜ் சோர்ஸ்ல பார்த்தா தெரியாது, அது நீங்க எழுதினதையே திருப்பி காட்டும். ஃபார்ம டேபிளுக்கு வெளிய கொண்டு வாங்க. முடியாத டிசைன்னா ஒவ்வொரு இன்புட்லயும் ஃபார்ம் அட்ரிபியூட் போட்டு ஃபார்மோட ஐடிய குடுங்க.

இது இல்லன்னா நேம் அட்ரிபியூட் இருக்கான்னு பாருங்க. ஐடி மட்டும் போட்ட இன்புட் போகாது.

மெயில்ல "ஏரியா: அர்ரே"ன்னு வருது

பிஎச்பில அர்ரேவ அப்படியே ஸ்ட்ரிங்கோட ஒட்டினா அந்த ஒரு வார்த்தைதான் வரும், கூடவே வார்னிங் ஒண்ணு. இம்ப்ளோடு போட்டு சேருங்க. எச்டிஎம்எல்ஸ்பெஷல்சார்ஸ் மாதிரி ஃபங்ஷனுக்கு அர்ரே குடுத்தா பிஎச்பி 8ல டைப்எரர் வந்து பேஜே நின்னுடும், ஒவ்வொண்ணா மேப் பண்ணி குடுங்க. வேர்ட்பிரஸ்ல இன்னும் நைசா ஏமாத்தும், சானிட்டைஸ் டெக்ஸ்ட் ஃபீல்டுக்கு அர்ரே குடுத்தா எரர் இல்லாம காலி ஸ்ட்ரிங் திருப்பும், டேட்டா வரவே இல்லைன்னு நினைச்சு ஃபார்ம குடைஞ்சுக்கிட்டு இருப்பீங்க.

இதோட மறுபக்கமும் உண்டு. ஃபார்ஈச்ல "இன்வேலிட் ஆர்கியுமென்ட்"னோ "அர்ரேவா இருக்கணும்"னோ எரர் வந்தா, வந்தது ஸ்ட்ரிங், இல்லன்னா ஒண்ணுமே வரல. யாராவது யூஆர்எல்ல கைய வச்சு [] எடுத்துட்டு அனுப்பினாலும் இப்படி ஆகும், அதனால அர்ரேதானான்னு செக் பண்ணிட்டு லூப்புக்குள்ள போங்க. ஒத்த வேல்யூ எதிர்பார்க்கற ஃபீல்டுக்கு ஒருத்தன் வேணும்னே [] போட்டு அனுப்புவான், அங்கயும் அதே செக்.

நாலும் ஒரே ஸ்ட்ரிங்கா கமாவோட வருது, இல்லன்னா ஒண்ணு நாலா உடையுது

ஃபார்ம்டேட்டால அப்பெண்ட் பண்றப்போ மொத்த அர்ரேவையும் தூக்கிக் குடுத்தா அது கமா போட்டு ஸ்ட்ரிங் ஆயிடும். ஆப்ஜெக்ட் குடுத்தா "ஆப்ஜெக்ட் ஆப்ஜெக்ட்"ன்னு போகும். லூப் போட்டு ஒவ்வொண்ணா அப்பெண்ட் பண்ணுங்க, செட் போடாதீங்க, செட் போட்டா முன்னாடி போட்டத அழிச்சிடும்.

உடையறது ஸ்பிரிங்ல (ஜாவா ஃபிரேம்வொர்க்). லிஸ்ட்டா வாங்கிக்கறேன்னு சொன்ன பேராமீட்டருக்கு ஒரே ஒரு வேல்யூ வந்து அதுல கமா இருந்தா ஸ்பிரிங் அத பிரிச்சு பல வேல்யூவா குடுக்கும். "12, வடக்கு மாட வீதி, மயிலாப்பூர்"னு ஒரு அட்ரஸ் மட்டும் வந்தா மூணு அட்ரஸ் ஆயிடும், ரெண்டு அட்ரஸ் வந்தா ஒழுங்கா ரெண்டா இருக்கும். இங்கயும் ஒத்தையா வர்றப்போதான் வம்பு. அர்த்தமுள்ள டெக்ஸ்ட்ட வேல்யூவா அனுப்பாம ஐடி நம்பர அனுப்புங்க, கமாவே வராது.

ஜேக்வெரி ஏஜாக்ஸ்ல டேட்டாவா அர்ரே குடுத்தா, 2010ல வந்த 1.4லேர்ந்து, அதுவே பேருக்கு பின்னாடி [] ஒட்டிடும். பிஎச்பிக்கு சௌகரியம், ஜாங்கோ, ஜாவாக்காரங்களுக்கு "பேரே காணோம்". ட்ரெடிஷனல்னு ஒரு ஆப்ஷன ட்ரூ பண்ணினா ஒட்டாது.

பெரிய ஆர்டர்ல கடைசி வரிசைகள் காணோம்

கல்யாண ஆர்டர், நூத்தம்பது வரிசை, ஒவ்வொண்ணுலயும் ஏழு ஃபீல்டு. பேலோடுல எல்லாம் இருக்கு, சர்வர்ல 142வது வரிசையோட நின்னு போகுது, அடுத்தது அரைகுறையா இருக்கு. ஏழு ஃபீல்டுன்னா 143வது வரிசைலதான் ஆயிரத்த தாண்டும், கணக்கு போட்டு பாருங்க. பிஎச்பியோட மேக்ஸ்_இன்புட்_வார்ஸ் டிஃபால்ட் 1000, அதுக்கு மேல வந்தத ஒரு வார்னிங்கோட வெட்டிடும். செக்யூரிட்டிக்காக 5.3.9ல கொண்டு வந்தாங்க, நிறைய கீ அனுப்பி ஹாஷ் டேபிள திணறடிக்கற அட்டாக்க தடுக்க. செக்யூரிட்டி டோக்கன் ஃபார்மோட அடியில இருந்தா அதுவும் வெட்டுப்பட்டுடும், அப்போ வரிசை காணோம்னு வராது, "பேஜ் எக்ஸ்பயர்டு"ன்னு வரும், நீங்க செஷன போய் நோண்டிக்கிட்டு இருப்பீங்க.

கோடுக்குள்ள ஐஎன்ஐ செட் போட்டா எடுபடாது, கோடு ஓட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே படிச்சு முடிச்சாச்சு. பிஎச்பி ஐஎன்ஐலயோ, எஃப்பிஎம்ன்னா யூசர் ஐஎன்ஐ ஃபைல்லயோ மாத்துங்க. ஜாங்கோவுலயும் எக்ஸ்பிரஸ்லயும் இதே 1000 லிமிட் உண்டு, ஆனா அவங்க நேர்மையா எரர் குடுப்பாங்க, ஜாங்கோ 400, எக்ஸ்பிரஸ் 413. லிமிட்ட ஏத்திக்கிட்டே போறத விட, சப்மிட் பண்றப்போ மொத்த வரிசையையும் ஜேசனாக்கி ஒரே ஒரு ஹிடன் ஃபீல்டுல போட்டு அனுப்பிடலாம், ஒரு வேரியபிள்தான் கணக்கு.

பிஎச்பில போஸ்ட் மொத்தமும் காலியா இருந்தா அது வேற, படம் கிடம் சேர்த்து போஸ்ட்_மேக்ஸ்_சைஸ தாண்டியிருக்கும், டிஃபால்ட் 8 எம்பி. படம் 20க்கு மேல போனா மிச்சம் வராது, மேக்ஸ்_ஃபைல்_அப்லோட்ஸ் டிஃபால்ட் 20. ஃபெட்ச்ல ஜேசன் அனுப்பினாலும் போஸ்ட் காலியாத்தான் இருக்கும், பிஎச்பி ஜேசன தானா பிரிக்காது, இன்புட் ஸ்ட்ரீம்லேர்ந்து படிச்சு டீகோட் பண்ணணும். ஃபார்ம்டேட்டா அனுப்பறப்போ கன்டென்ட் டைப்ப நீங்களா கையால மல்டிபார்ட்னு எழுதினாலும் அதே, பவுண்டரி (ஃபீல்டுகள பிரிக்கற குறி) விட்டுப் போயிடும். அந்த ஹெடர எடுத்துடுங்க, ப்ரௌசரே போட்டுக்கும்.

தமிழ்ல வேல்யூ வச்சா 414 எரர்

கெட் ஃபார்ம்ல (வேல்யூ யூஆர்எல்லயே போகும்) தேடல் வைக்கறவங்களுக்கு, 414ன்னா யூஆர்எல் ரொம்ப நீளம்னு அர்த்தம். தமிழ்ல ஒரு எழுத்துத் துண்டு யூடிஎஃப்8ல 3 பைட், யூஆர்எல்ல ஒவ்வொரு பைட்டும் பெர்சென்ட் குறியோட 3 கேரக்டர், ஆக ஒண்ணுக்கு 9. மயிலாப்பூர் மட்டும் 99 கேரக்டர். அப்பாச்சில ஒரு ரிக்வெஸ்ட் வரிக்கு டிஃபால்ட் லிமிட் 8190, பேரு, [] எல்லாம் சேர்த்து எழுபது சொச்சம் ஏரியா டிக் அடிச்சா தாண்டிடும். போஸ்ட்டுக்கு மாத்துங்க, இல்லன்னா ஐடி அனுப்புங்க.

எல்லாம் வந்துச்சு, சேவும் ஆச்சு, ஆனா தேடினா தப்பான ஆளு வர்றாரு

இம்ப்ளோடு போட்டு கமாவோட டேபிள்ல ஒரே காலம்ல திணிச்சிருப்பீங்க. அப்புறம் லைக் போட்டு அண்ணா நகர்னு தேடினா அண்ணா நகர் மேற்கு மட்டும் டிக் அடிச்சவரும் சேர்ந்து வருவாரு. ஐடி நம்பரா சேமிச்சா இன்னும் கூத்து, 1ன்னு தேடினா 10, 11, 21 எல்லாம் வரும். மெயில்ல காட்ட மட்டும்னா இம்ப்ளோடு போதும், தேடணும்னா ஆள் ஐடி, ஏரியா ஐடின்னு ரெண்டே காலம் வச்சு தனி டேபிள் போடுங்க, ஒரு டிக்குக்கு ஒரு வரிசை. எடிட் பண்றப்போ அந்த ஆளோட பழைய வரிசையெல்லாம் டெலீட் பண்ணிட்டு புதுச இன்சர்ட் பண்றது சுலபம், ரெண்டையும் ஒரே டிரான்ஸாக்ஷன்குள்ள வைங்க, நடுவுல கனெக்ஷன் போச்சுன்னா பையனுக்கு ஒரு ஏரியாவும் இல்லாம போயிடும்.